ஒன்றுதான் என்று நான் எழுதவில்லை

எங்கள் ஆய்வகத்தில் சிவப்பு என்றால் யாருக்கும் ஆகாது. ஒரு மரபணுவைச் செயற்கையாக எழுதி வாங்குவதற்கு முன் அதைக் கணினியில் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்ப்போம். அதிலிருந்து எங்களுக்குப் புரதம் செய்து தரப்போகும் பாக்டீரியா மளமளவென்று வாசித்துவிடும் இடங்களை அது பச்சையாகக் காட்டும். திணறித் திணறி வாசிக்கும் இடங்கள் சிவப்பு. ஒரு சிவப்புகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் பச்சையாக்கிவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும் என்பது என் வழிகாட்டிப் பேராசிரியர் வைத்த வழக்கம். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே இதுதான். கோயிலுக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது போல அது ஆகிவிட்டிருந்தது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

உயிரியல் படிக்காதவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் கோபம் புரியாது. மரபணு என்பது புரதம் செய்வதற்கான குறிப்பு. அதை மூன்று மூன்று எழுத்தாக வாசிக்க வேண்டும். அந்த மூன்றெழுத்துக்குக் கோடான் என்று பெயர். ஒவ்வொரு கோடானும் ஓர் அமினோ அமிலத்தைக் கொண்டுவரச் சொல்கிறது. அமிலங்களைக் கோத்தால் புரதம். அமிலங்கள் இருபதுதான், கோடான்களோ அறுபதுக்கும் மேல். ஆகவே பெரும்பாலான அமிலங்களுக்குப் பல கோடான்கள் உண்டு. லூசின் என்ற அமிலத்துக்கு ஆறு. அந்த ஆறில் எதை எழுதினாலும் வந்து சேர்வது லூசின்தான். அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைப்பதைப் பாடப்புத்தகத்தில் மௌன மாற்றம் என்று போட்டிருப்பார்கள். மாற்றினாலும் சத்தமே கேட்காதாம்.

கேட்கும். அதைச் சொன்னதற்குத்தான் இவ்வளவு பாடும்.

செல்லுக்குள் அமிலங்களைத் தூக்கி வரும் சுமைகாரர்கள் இருக்கிறார்கள். சில கோடான்களுக்கு ஆள் தாராளம், சிலவற்றுக்குப் பஞ்சம். பஞ்சமான கோடான் வந்தால், குறிப்பை வாசித்துக் கோக்கும் ரைபோசோம் ஆள் வரும்வரை நின்று காத்திருக்கும். எல்லாரும் இந்தக் காத்திருப்பை ஒரு குறையாகவே பார்க்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் ஏற்கெனவே கோத்து வெளியே வந்த பாதிப் புரதம் சும்மா இருப்பதில்லை. அது தன் வடிவத்துக்கு மடிந்துகொள்கிறது. காத்திருப்பை எடுத்துவிட்டால் முதல் பாதி மடிவதற்குள் அடுத்த பாதி வந்து அதன்மேல் விழும். அமிலங்களின் வரிசையில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் பொருள் கசங்கிப் போயிருக்கும். எந்தக் கோடானை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எவ்வளவு புரதம் வரும், எப்படி மடியும், குறிப்பே எவ்வளவு நேரம் சிதையாமல் இருக்கும் என்பதெல்லாம் மாறும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. உலகத்தில் பல பேர் செய்து பார்த்து எழுதிவிட்டார்கள். எங்கள் ஆய்வக வாசலில்தான் அந்தச் சேதிக்குச் செருப்பைக் கழற்ற இடம் கிடைக்கவில்லை.

என் ஆய்வு கேழ்வரகைப் பற்றியது. கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் எங்கள் காட்டில் விளைகிற கேழ்வரகு. எங்கள் வீட்டுப் பேச்சில் அது ராயி. வருடக்கணக்கில் வைத்தாலும் அதில் வண்டு விழாது. அதன் விதையில் உள்ள ஒரு புரதம், பூச்சியின் வயிற்றில் மாவுச்சத்தைச் செரிக்கிற நொதியைத் தடுத்துவிடுகிறது என்பது எங்கள் ஊகம். தின்றாலும் செரிக்காது, அப்புறம் வண்டு எதற்கு வரும்? விதையை அரைத்துச் சாறெடுத்துப் பார்த்தேன், நொதி நின்றுபோனது. அடுத்து, அந்தப் புரதத்தை மட்டும் பாக்டீரியாவில் தனியாகச் செய்து காட்ட வேண்டும். மரபணுவை மென்பொருளில் போட்டேன். முழுக்கப் பச்சையாக்கினேன். வாங்கினேன், வளர்த்தேன்.

புரதம் குவிந்தது. ஆனால் ஒரு துளிகூடக் கரையவில்லை. குழாயை வேகமாகச் சுழற்றி எடுத்தால் அடியில் சுண்ணாம்புக் கட்டிபோல் உட்கார்ந்திருந்தது. யூரியா போட்டுக் கரைத்து, மறுபடி மடிய வைத்துப் பார்த்தோம். உயிர் வரவில்லை. பேராசிரியர் முடிவுக்கு வந்துவிட்டார்.

"அந்தப் புரதத்துக்கு வேலை எதுவும் இல்லம்மா. விதைச் சாறு வேலை செய்யுதுன்னா, சாறுல நூறு சமாச்சாரம் இருக்கும். வேற ஏதோ ஒண்ணு செய்யுது. 'செயல் இல்லை'ன்னு எழுதி இந்த அத்தியாயத்தை முடி."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. சாற்றில் வேறு பொருள்களும் இருக்கும்தான். ஆனால் நாம் கையில் வைத்திருப்பது கேழ்வரகின் புரதமே இல்லையே, கசங்கின ஒரு கட்டி அல்லவா என்று கேட்டேன். இரண்டு பகுதிகள் உள்ள புரதம் இது. செடியின் மரபணுவில் அந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவே மெதுவாக வாசிக்கிற கோடான்கள் வரிசையாக இருக்கின்றன. பாக்டீரியாவிலும் அதே இடத்தில், பாக்டீரியாவுக்கு மெதுவான கோடான்களை வைத்துப் பார்க்கலாம் என்றேன். அமிலம் எதுவும் மாறாது.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா!" என்று சிரித்தார். "அமிலம் மாறலைன்னு நீயே சொல்றே. பின்ன எதை மாத்தப் போறே?"

பக்கத்து மேசைப் பையன்களுக்கு அன்றைக்குப் பொழுது நன்றாகப் போனது. மலைக்காரி அல்லவா, மெதுவாகப் போய்ப் போய்ப் பழக்கம், அதனால் பாக்டீரியாவையும் மெதுவாகப் போகச் சொல்கிறாள் என்றார்கள். எங்கள் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஓட்டுநர்கள் போகிற வேகத்தை அவர்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்த உவமை வாயில் வந்திருக்காது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை. கேட்காமலே செய்தேன். அதை மறைக்கப் போவதில்லை, அதற்கு வருத்தப்படவும் போவதில்லை. புதிதாக மரபணு எதுவும் வாங்கவில்லை. இருந்ததையே எடுத்து, அந்த நடு இடத்தில் மட்டும் எழுத்துகளை நானே மாற்றினேன். வரிசையைச் சரிபார்த்தேன், அமிலங்கள் அப்படியே இருந்தன. பச்சைக்கு நடுவே கொஞ்சம் சிவப்பு. மென்பொருள் அதைப் பார்த்துவிட்டு எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகக் காட்டியது. மூடிவிட்டேன்.

புரதம் முன்னைவிடக் குறைவாக வந்தது. ஆனால் கரைந்திருந்தது. அடியில் கட்டி இல்லை, மேலே தெளிந்த நீரில் இருந்தது. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தோஷம் என்று சொன்னால் போதாது. கொஞ்சம் வன்மமும் இருந்தது.

வேலை செய்கிறதா என்பதற்குச் சோதனை எளிது. மாவுக் கரைசலில் அயோடின் விட்டால் கருநீலமாகும். நொதி மாவைச் செரித்துவிட்டால் நீலம் வராது. புரதம் நொதியைத் தடுத்தால் மாவு தப்பித்துவிடும், நீலமும் வரும். ஊர்ப் பாசத்தில் எனக்கு எல்லாமே நீலமாகத் தெரிகிறது என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது என்று, குழாய்களுக்குப் பெயர் எழுதும் வேலையை என் விடுதி அறைத்தோழியிடம் கொடுத்தேன். கேழ்வரகின் மரபணு சேர்க்காத வெறும் பாக்டீரியாச் சாறு, பழைய முழுப்பச்சை, புதியது. எதில் எது இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். நான் நிறத்தை மட்டும் படித்துச் சொன்னேன். அவள் மறைத்து வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினாள். நீலம் நின்றது புதியதில் மட்டும்தான். திரும்பவும் செய்தோம். மறுபடியும் அதேதான்.

குழாய்களைப் படமெடுத்துப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. யாரைக் கேட்டுச் செய்தாய் என்றார். அப்புறம் குரலை இறக்கி, "உன் ஊர்த் தானியம். ஒண்ணுமில்லேன்னு எழுத உனக்கு மனசு வரலை. எனக்குப் புரியுதும்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பரிவுதான் எனக்கு ஆகவில்லை. நான் மலையிலிருந்து வந்தவள் என்பதற்காக என் குழாயில் இருப்பது பாசமாகிவிடுமா? அவர் குழாயில் இருந்தால் மட்டும் அறிவியலா?

இந்த நிலையில்தான் அப்பா விழுந்தார். மிளகு பறிக்கும் பருவம். சில்வர் ஓக் மரத்தில் சாத்திய மூங்கில் ஏணி சறுக்கி, கால் எலும்பு முறிந்துவிட்டது. கீழே கொண்டுபோய்க் கட்டுப்போட்டு அழைத்து வந்தார்கள். அவர் கட்டிலில் கிடக்க, மிளகு கொடியில் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அம்மாவோடு காட்டில் இறங்கினேன். அம்மா ஏணியில், நான் கீழே. பறித்ததைக் களத்தில் பரப்பிக் காயவைப்பதும் மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளுவதும் என் வேலை. நகத்துக்குள் மிளகின் கறை ஏறிக்கொண்டது.

அங்கே இருக்கும்போதுதான் பேராசிரியர் ஆய்வுக் குழுவின் கூட்டத்தை வைத்தார். நீ வர வேண்டாம், ஆன்லைனிலேயே முடித்துவிடலாம் என்று செய்தி அனுப்பினார். முடித்துவிடலாம் என்ற சொல்லே போதும், எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் அத்தியாயத்தை 'செயல் இல்லை' என்று ஒப்புக்கொண்டால் உடனே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம், பட்டம் வந்துவிடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் எதுவும் நிச்சயமில்லை.

எங்கள் ஊரில் சிக்னல் வரும் போகும். அதனால் மலைமேல் உள்ள பெரிய ஊரான செம்மேட்டில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அக்காவிடம் கேட்டேன். உள்ளே காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அன்றைக்குச் சந்தை. அம்மாவும் காய்ந்த மிளகை விற்க வந்தவள், வேலை முடிந்து வந்து கடைக்குள் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். பேருந்து ஏறும்போதிலிருந்தே அவள் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

"அவரு சொல்றபடி எழுதிக் குடுத்துப்புடு கண்ணு. ஒரு வரிதானாமா? உனக்கெதுக்கு இந்த ரோசம்? உங்கப்பனுக்குக் காலு இப்படி. இத்தன வருசம் படிச்சது போதுஞ் சாமி."

"தப்பும்மா அது."

"தப்பா இருந்தா அவரு தலைமேலதான் போவுது. உன்ற பட்டத்த வாங்கிட்டு வா."

நான் மடிக்கணினியைத் திறந்தேன். சொல்ல இருந்ததை மிச்சம் வைத்துக்கொண்டேன்.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. என் பேராசிரியர், அவருடைய பழைய நண்பரான இன்னொரு பேராசிரியர், வேறு கல்லூரியைச் சேர்ந்த ஓர் அம்மையார். வெளியே ஒலிபெருக்கியில் ஒருவன் பிளாஸ்டிக் குடம் விற்றுக்கொண்டிருந்தான். என்னம்மா சந்தையில் உட்கார்ந்திருக்கிறாயா என்று நண்பர் சிரித்தார். ஆமாம் சார், சந்தைதான் என்றேன்.

படங்களைக் காட்டினேன். அடியில் உட்கார்ந்த கட்டி, கரைந்து நின்ற புதியது, நீலம். யார் பெயர் எழுதியது, யார் படித்தது என்பதையும் சொன்னேன். அந்த நண்பர், விளைச்சல் குறைந்திருக்கிறதே, இதைப் போய் முன்னேற்றம் என்கிறாயே என்றார். "சார், மூட்டை நிறையச் சாவி நெல்லு வந்தா அது விளைச்சலுங்களா?" என்று கேட்டுவிட்டேன். சாவி என்றால் அரிசி பிடிக்காத நெல் என்று அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, அடுத்த படத்தைக் காட்டச் சொன்னார்.

அம்மையார் சிரிக்கவில்லை. அவர் கேட்டதுதான் கேள்வி.

"மெதுவான கோடான்களை வேற ஏதாவது இடத்துல வெச்சுப் பார்த்தியா? எங்கே வெச்சாலும் கரையுதுன்னா உன் விளக்கம் நிக்காதே. வேகம் குறைஞ்சதால பொதுவாவே கரைஞ்சிருக்கலாம்."

முகத்தில் தண்ணீர் அடித்தது போலிருந்தது. அதை நான் செய்திருக்கவில்லை.

"இல்லைங்க மேடம். செய்யலை. செய்யணும்."

"அதைச் செஞ்சுட்டு எழுது. அத்தியாயம் இருக்கட்டும்."

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் என் பேராசிரியர் குறுக்கிட்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்படாமலே சொன்னார். "என் ஆய்வகத்துல அது நடக்காது. எத்தனையோ மரபணுவை நாங்க இப்படித்தான் எழுதியிருக்கோம், எத்தனையோ பேர் பட்டம் வாங்கியிருக்காங்க. இந்தப் பொண்ணு முறையே தப்புங்குறா. ஒரு வரி. 'இந்தப் புரதத்துக்குச் செயல் இல்லை.' எழுதினா நாளைக்கே கையெழுத்து. எழுதலைன்னா வேற வழிகாட்டியைப் பார்த்துக்கட்டும்." பிறகு என்னை நேராகப் பார்த்து, "யோசிச்சுச் சொல்லும்மா. உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்" என்றார்.

எங்கள் வீட்டு நிலைமை காகிதக் கட்டுக்குப் பக்கத்தில் கேமராவில் விழாமல் உட்கார்ந்து, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தது. நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"யோசிச்சுட்டேன் சார். எழுத மாட்டேன். அந்தப் புரதம் வேலை செய்யுது, நான் கண்ணால பார்த்தேன். மேடம் கேட்டதைச் செஞ்சு பார்த்து நான் சொன்ன காரணம் தப்புன்னு வந்தா, தப்புன்னு எழுதுவேன். ஆனா செயல் இல்லைன்னு எழுத மாட்டேன். நாம கசக்கிப்போட்டுட்டு, கேழ்வரகுல ஒண்ணுமில்லைன்னு சொல்றது பொய் சார். இது எங்க ஊர்க் கேழ்வரகா இல்லாம அமெரிக்காச் சோளமா இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன். ஒண்ணுதானேன்னு நீங்க சொல்றீங்க. ஒண்ணு இல்லைங்க சார்."

பேராசிரியரின் சதுரம் திரையிலிருந்து மறைந்தது. நண்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவரும் போனார். அம்மையார் மட்டும் கொஞ்சம் இருந்தார். வழிகாட்டி மாறுவது லேசில்லை, பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும், யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும், நாளாகும் என்றார். தானே ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நன்றி சொல்லி மூடினேன். மூடிய பிறகுதான் பயம் வந்தது. கடைக்கார அக்கா ஒரு டீ வாங்கி வைத்திருந்தார், அது ஆறிப்போயிருந்தது.

"என்னாச்சு?" என்றாள் அம்மா.

அவர் இனிமேல் எனக்கு வழிகாட்டி இல்லை, வேறு ஆள் தேட வேண்டும், கிடைக்குமா தெரியாது, பட்டம் எப்போது வரும் என்றும் தெரியாது என்றேன். சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அம்மா திட்ட ஆரம்பித்தாள். கடையில் தொடங்கி, சந்தைக்குள் அன்னாசிக் குவியல்களைத் தாண்டி, பேருந்து நிற்கும் இடம்வரை திட்டினாள். படிக்க வைத்தது அவள் தப்பாம். வாயை அடக்கத் தெரியாதது அப்பன் வழிப் புத்தியாம். ஒரு வரி எழுதினால் கை அழுகிவிடுமா என்று கேட்டாள். நான் வெற்றுச் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். திரும்பப் போய் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

பேருந்தில் எங்களுக்கு முன் இருக்கையில் பக்கத்து ஊர்க்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மகள் கீழே சேந்தமங்கலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள், போன வருடம்தான் கல்யாணமும் ஆகியிருந்தது. பேருந்து கிளம்பியதும் திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, புள்ள படிப்பு இன்னும் முடியலீங்களா? எத்தன வருசமாப் படிக்குது! பெயிலாகிப் போச்சுங்களா?"

பேருந்தில் பலரும் தெரிந்தவர்கள். பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடையிலிருந்து திட்டிக்கொண்டே வந்தவள் இப்போது ஊருக்கே கேட்கிற மாதிரி என்னைக் கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பெயிலெல்லாம் ஆகலீங்க" என்றாள் அம்மா. அவளுக்கு எப்போதுமே பெரிய குரல். "நம்ம ராயில ஒண்ணுமில்லீன்னு பொய்யா எழுதச் சொன்னாரு அவ வாத்தியாரு. எழுத மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புட்டு வாரா. என்ன பண்றதுங்க, அப்படிப் பெத்து வெச்சுட்டேன்."

அந்தப் பெண் முன்னால் திரும்பிக்கொண்டாள். நடத்துநர் வந்தார். அம்மா மடியை அவிழ்த்து எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கினாள்.